என் மனைவிக்கு நான் ஜாமீன்

கையெழுத்துப் போடுவதில் நான் வள்ளல். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு நான்தான் ஜாமீன் என்று என் அக்காள் கணவர் சொல்வார். கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை என்று சொல்ல முடியாது. கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பேன். யாராவது ஒரு தாளை நீட்டி, "அண்ணே, இங்க ஒரு சைன்" என்பான். கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுப் போட்டுவிடுவேன். படித்துப் பார்ப்பது எங்கள் வட்டாரத்தில் அவமரியாதை. "என்னண்ணே, என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டுவிட்டால் மனிதன் அப்புறம் எப்படித் தலைநிமிர்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுவது? நான் ஜாமீன் நின்ற வீரர்களில் சிலர் தவணை கட்டாமல் ஓடி, வங்கிக்காரர்கள் என் வாசலுக்கு வந்து நின்றபோதுகூட, பத்திரத்தைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு வரவில்லை.

அப்பேர்ப்பட்டவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜாமீன் பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்தது என் சொந்த மனைவிக்காக.

விஷயம் இதுதான். நான் கிள்ளானில் பிறந்த மலேசியன். மனைவி தூத்துக்குடிக்காரி. நாற்பதைத் தாண்டிய பிறகு நடந்த கல்யாணம். 'மலேசிய மாப்பிள்ளை' என்ற ஒரே தகுதிக்காக என் வயதையும் தொப்பையையும் அவள் வீட்டார் மன்னித்தார்கள். இங்கே வந்த பிறகு, வெளிநாட்டு மனைவி புருஷனோடு இருக்க வேண்டுமானால் அவள் கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், ஓர் அனுமதி ஒட்டப்பட வேண்டும். அதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர், நீண்ட கால சமூக வருகை அனுமதி. அதாவது, சட்டத்தின் கண்ணில் அவள் என் வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளி. மூன்று வருடமாகத் தங்கியிருக்கும் விருந்தாளி. விருந்தாளிதான் சமைக்கிறாள், விருந்தாளிதான் துணி துவைக்கிறாள், இரவு ஏன் தாமதம் என்று விருந்தாளிதான் விசாரிக்கிறாள்.

அந்த அனுமதி முடியப்போகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், இந்த விருந்தாளிக்குச் சோறு போட எனக்கு வக்கிருக்கிறது என்று நான் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அவள் விமானம் ஏறித் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அது எத்தனை மாதமோ, யாருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் இந்தக் கவலையே இல்லை. அக்காள் கணவர் துறைமுகத்தில் மாதச் சம்பளக்காரர். அவர் சம்பளச் சீட்டைக் கொடுத்து என்னோடு சேர்ந்து ஜாமீன் நின்றார். ஆக, என் மனைவிக்கு நான் ஜாமீன். எனக்கு மச்சான் ஜாமீன். அப்போதும் நான் எதையும் படிக்கவில்லை. அந்த மனிதர் இந்த வருடம் பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார்.

"இனிமே நீ உன் சொந்தக் கால்ல நிக்கணும் மச்சான்," என்றார்.

"நீங்க இன்னும் ஒரு வருஷம் வேலை செஞ்சிருக்கலாம்லா."

"உன் பொண்டாட்டிக்காக நான் ரிட்டயர் ஆகக் கூடாதா? இரு, உங்கக்காகிட்ட சொல்றேன்."

பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். அங்கே ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் இருக்கிறார். நாம் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் அவர் முத்திரை குத்துவார். நாம் சொன்னது அப்போதிலிருந்து சத்தியம் ஆகிவிடும். மல்லிகை வாசமும் முத்திரை மை வாசமும் கலந்த அந்த அறையில் நான் வழக்கம்போலப் பேனாவைத் திறந்தேன்.

"படிச்சிட்டீங்களா?" என்றார் ஆணையர்.

"படிக்கணுமா பாஸ்?"

"படிக்காமலும் போடலாம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. அப்புறம் என்கிட்டயே வந்து, நான் எதுல சைன் போட்டேன்னு கேக்கறாங்க."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் படிக்காதவன் போல் தெரியக்கூடாதே என்று படித்தேன். படிக்கப் படிக்கக் காது சுட்டது. இந்த நபரின் பராமரிப்புக்கு நான் பொறுப்பு. இந்த நபரின் நடத்தைக்கு நான் பொறுப்பு. இந்த நபரை ஊருக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் செலவுக்கு நான் பொறுப்பு. மோட்டார் சைக்கிளுக்குக்கூட இவ்வளவு கடுமை இருந்திருக்காது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை.

"என்னங்க போட்டிருக்கு? முகம் ஒரு மாதிரி போகுது," என்றாள் மனைவி.

"நீ ஒழுங்கா நடந்துக்கலைன்னா என்னைப் புடிப்பாங்களாம்."

"நீங்க ஒழுங்கா நடந்துக்கலைன்னா?"

"அதுக்குப் பத்திரம் இல்ல."

"இருந்தா கொண்டாங்கம்மா," என்றார் ஆணையர், முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே. "ஃப்ரீயா அடிச்சுத் தரேன்."

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக அதற்கு முன் விழுந்ததில்லை.

அடுத்தது வருமானச் சான்று. என் தொழில் கெனோபி வாடகை. கல்யாண வீடு, சாவு வீடு, பிறந்தநாள் வீடு, எங்கே கூட்டம் சேர்கிறதோ அங்கே வாசலில் துணிப் பந்தல் போட்டு, மேசை நாற்காலி இறக்கிக் கொடுப்பேன். ஒரு லோரி, இரண்டு வேலையாட்கள், பிறகு நான். இந்தத் தொழிலில் பணம் கையில்தான் வரும். கையிலிருந்து பிஸ்கட் டின்னுக்குப் போகும். டின்னிலிருந்து டீசலுக்கும் கூலிக்கும் மீன் குழம்புக்கும் போகும். வங்கிக்கு மட்டும் போகாது. வங்கிக்குப் போனால் வருமான வரிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். அவர்கள் என்னைத் தேடி அலைவதாக எனக்கு ஓர் எண்ணம். என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தற்பெருமை உண்டு.

ஆனாலும் வங்கிக் கணக்கின் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பக்கம் பக்கமாக வரவு. யார் இந்தச் செல்வந்தன் என்று பெயரைப் பார்த்தேன். நான்தான்.

காரணம் அம்மன். எங்கள் வட்டாரக் கோயில் கமிட்டியில் நான் பொருளாளர். கோயிலின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமையுள்ள பழைய தலைவர் காலமானதிலிருந்து அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தது. "ஒரு மாசத்துக்கு உன் அக்கவுண்டை வச்சிக்குவோம்" என்றார் புதுத் தலைவர். உண்டியல் பக்கத்தில் என் கணக்கின் கியூஆர் கட்டத்தை அச்சடித்து ஒட்டினார்கள். அந்த ஒரு மாதம் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தது. பக்தர்கள் கைப்பேசியை நீட்டி அம்மனுக்கு அனுப்பினார்கள். அது எனக்கு வந்தது. நான் பூசைச் செலவுக்கு எடுத்துக் கொடுத்தேன். ஒரு காசு தொட்டதில்லை. அந்த விஷயத்தில் எனக்கு அம்மன் பயமும் உண்டு, மனைவி பயமும் உண்டு.

"இதையா காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி. "அது சாமி காசுங்க."

"காட்டத்தானே போறேன், எடுக்கவா போறேன்?"

"அந்த ஆபீசர் கேட்டா?"

"வரவு இருக்கு, பேரு என் பேரு. அப்புறம் என்ன கேப்பாங்க?"

குடிநுழைவு அலுவலகத்துக்கு நான் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான் மூச்சுத் திணறியது. எண் எடுத்து, உட்கார்ந்து, எண்ணைப் பார்த்து, சுவரைப் பார்த்து, மறுபடி எண்ணைப் பார்த்தேன். நாற்காலிகளில் உலகமே உட்கார்ந்திருந்தது. ஒரு சீன அங்கிள் தன் வியட்நாமிய மனைவியோடு, ஒரு மலாய்ப் பெண் தன் பாகிஸ்தானியக் கணவனோடு. எல்லா உள்ளூர்க்காரர்களும் வியர்த்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மட்டும் நிதானமாகக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை அவர்களுக்கில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

கவுண்டரில் ஒரு மலாய் அம்மாள். மூக்குக்கண்ணாடியை முக்காட்டின் மேல் ஏற்றி வைத்திருந்தார். பேச்சு முழுவதும் மலாயில் நடந்தது. அவருக்கு நான் 'என்சிக்', அதாவது ஐயா; எனக்கு அவர் 'புவான்', அதாவது அம்மா.

"என்சிக் என்ன தொழில்?"

"கெனோபி வாடகை, புவான்."

அறிக்கையைப் புரட்டினார். கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்தக் கண்ணாடி இறங்கியது பிடிக்கவில்லை.

"ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று. நூற்றொன்று. முந்நூற்றொன்று. மறுபடி ஐம்பத்தொன்று." நிமிர்ந்தார். "உங்கள் கெனோபி வாடகை எப்போதும் ஒன்றில்தான் முடியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ பணம் வைக்கும்போது நாம் யாரும் முழு ஐம்பது வைக்க மாட்டோம். மேலே ஒன்று வைத்தால்தான் கை வரும். உறைக்குள் வைத்த அந்த ஒரு ரிங்கிட் இப்போது கைப்பேசியிலும் வரும். நம் ஜனம் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அந்த அம்மாளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"சில்லறை சேவைக் கட்டணம், புவான்," என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"அனுப்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "என்சிக், இது ஏதாவது பணம் இரட்டிப்பாக்கும் திட்டமா?"

முதுகில் ஓடிய வியர்வை இடுப்பு வாரில் போய் நின்றது. மனைவிக்காக வந்தவன் மோசடி வழக்கில் உள்ளே போகப் போகிறேன். அவள் தூத்துக்குடிக்கு, நான் சுங்கை பூலோ சிறைக்கு. இந்தக் குடும்பம் இப்படியா பிரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கோயில், உண்டியல், கியூஆர், காலமான தலைவர், எல்லாம்.

"சரி, அந்த ஒரு ரிங்கிட் எதற்கு?"

"பூஜ்யத்தில் முடியக் கூடாது, புவான். ஒன்று வைத்தால் வளரும் என்று நம்பிக்கை."

"யாருக்கு வளரும்?"

"கொடுத்தவர்களுக்கு."

"உங்களுக்கு வளராதா?"

"இல்லை, புவான். பணம் என்னுடையது இல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அறிக்கையை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினார். "அப்படியானால் உங்கள் மனைவியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இதில் இல்லை. உங்கள் சொந்த வருமானத்தைக் காட்டுங்கள். தொழில் பதிவு, வருமான வரி தாக்கல் செய்த சான்று. ஒரு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி தருகிறேன். அதற்குள் கொண்டுவாருங்கள்."

மனைவிக்கு மலாய் பாதிதான் புரியும். என் முகம் முழுதாகப் புரியும். வெளியே வந்ததும் கேட்டாள்.

"சாமி காசுன்னு சொல்லிட்டீங்களா?"

"ம்."

"இதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்?"

"நீ சொன்னே. நான்தான் கேக்கல. பத்திரத்துல என் நடத்தையையும் சேர்த்திருக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு மாசத்துல ஆகலைன்னா நான் போகணும், அப்படித்தானே?" என்றாள். நான் வண்டிச் சாவியைத் தேடுவது போல் எல்லாப் பைகளையும் தடவினேன். சாவி கையில் இருந்தது.

செய்தி கோயிலுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. கமிட்டிக் கூட்டம் கூடியது. தலைவர் எழுந்து, "அம்மன் காசைக் காட்டியாய்யா பொண்டாட்டிய வச்சிக்கப் பாத்தே?" என்றார். "அம்மன் ஒண்ணும் சொல்லலையே தலைவரே, நீங்கதான் சொல்றீங்க" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது. ஆண்கள் பக்கம் வரவில்லை. மூன்று வருடமாக 'பேங்க்ல பிராப்ளம்' என்று தூங்கிக்கொண்டிருந்த கோயில் கணக்கு, நான் ஓடிவிடுவேனோ என்ற பயத்தில் ஒரே வாரத்தில் எழுந்து உட்கார்ந்தது. புதுக் கியூஆர் வந்தது. அம்மன் பணம் மொத்தமும் அங்கே போனது. அதற்குப் பிறகு என் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். என் மேல் வைத்திருந்த மரியாதையும் அந்தப் பணத்தோடு போயிருந்தது.

மச்சான் ஆலோசனை சொல்ல வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றவர்களுக்கு மற்றவர்கள் பிரச்சினைதான் உத்தியோகம்.

"என் கூட்டாளி ஒருத்தன் தெலுக் பங்லிமா காராங்ல பேக்டரி வச்சிருக்கான். நீ அங்க மேனேஜர்னு ஒரு சம்பளச் சீட்டு அடிச்சிக்கலாம்லா."

"என்ன மேனேஜர்?"

"என்னவோ மேனேஜர். யாரு கேக்கப் போறா?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அண்ணே, யாரு கேக்கப் போறான்னு இவரும் இப்படித்தாண்ணே சொன்னாரு. கேட்டாங்க. நீங்க சும்மா இருந்து டீயைக் குடிங்க."

மச்சான் டீயைக் குடித்தார்.

ஆக, மிச்சமிருந்த வழி ஒன்றுதான். மனிதர்கள் செய்யத் துணியாத காரியம். உண்மை வருமானத்தை எழுதுவது.

இதில் எனக்கிருந்த சங்கடம் வாசகர்களுக்குப் புரிய வேண்டும். அதுவரை நான் ஆளுக்கு ஒரு வருமானம் வைத்திருந்தேன். வருமான வரி அலுவலகத்துக்கு நான் இருப்பதே தெரியாத பரம ஏழை. கோயிலில் நான் கௌரவமான தொழிலதிபர். குடிநுழைவு அலுவலகத்துக்குப் போன அன்று நான் ஐம்பத்தொன்று ஐம்பத்தொன்றாகச் சேர்த்த சீமான். தூத்துக்குடியில் மாமனாரிடம் பெண் பார்க்கப் போன அன்று நான் யார் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது. 'ஈவண்ட் கம்பெனி' என்ற சொல்லைப் பயன்படுத்தினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை பேரும் இப்போது ஒரே தாளில் ஒரே ஆளாக உட்கார வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அக்காள் மகளின் கணினியை வைத்துக்கொண்டு வரிப் படிவத்தைத் திறந்தோம். மனைவி பக்கத்தில். ஊரில் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். என் வாட்ஸ்அப்பில் வந்த முன்பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, இது எவ்வளவு, அது எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுக் கூட்டினாள். மொத்த வரவு வந்தது. பரவாயில்லை, பார்க்க லட்சணமாகவே இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு செலவு. டீசலைப் போட்டேன். வருமானம் இறங்கியது. வேலையாட்கள் கூலியைப் போட்டேன். இன்னும் இறங்கியது. ஒவ்வொரு செலவையும் சேர்க்கச் சேர்க்க வரி குறைந்தது. வருமானம் குறையக் குறைய மனைவி விமான நிலையத்தை நெருங்கினாள். கிழிந்த கெனோபித் துணி மாற்றியதைச் சேர்த்தபோது அவள் பெட்டியை ஒப்படைத்துவிட்டாள். லோரி டயரைச் சேர்த்தால் விமானத்தில் ஏறியே விடுவாள். நான் டீசலை அழித்தேன்.

"ஏன் அழிக்கீங்க?"

"வேண்டாம். வரி கட்டிட்டுப் போறேன்."

"லோரி தண்ணியிலயா ஓடுச்சு?"

"ஓடுச்சுன்னு வச்சிக்கோ."

அவள் கையை நீட்டி டீசலை மறுபடி போட்டாள். நான் அழித்தேன். அவள் போட்டாள். ஊரெல்லாம் வரியைக் குறைக்கப் பொய் சொல்லும்போது, கூட்டிக் கட்டுகிறேன் என்று மேசையில் சண்டை போட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"குறையுது, தெரியலையா உனக்கு?" என்று கத்தினேன். "குறைஞ்சா பத்தாதும்பாங்க! பத்தலைன்னா நீ போயிடுவே!"

கத்தியது எனக்கே அதிகமாகக் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. விகடம் பேசியே ஐம்பது வயதை நெருங்கியவனுக்குச் சட்டென்று அடுத்த விகடம் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்தேன். அதில் தூசி இருந்தது.

மனைவி தன் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் பொய்யா ஏத்திக் காட்டுனா அடுத்த வருஷமும் ஏத்தணும். அதுக்கடுத்த வருஷம் இன்னும் ஏத்தணும். வருஷா வருஷம் அந்தக் கவுண்டர்ல நீங்க வேர்க்குததை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. உள்ளதைப் போடுவோம். பத்தலைன்னா பத்தலைன்னு அவங்க சொல்லட்டும்."

உள்ளதைப் போட்டோம். டயர் உட்பட. படிவத்தின் ஓரிடத்தில், வருமானமில்லாத மனைவி இருக்கிறாளா என்று கேட்டது. ஆம் என்றால் அதற்கொரு சலுகை. ஓர் அலுவலகம், மனைவியை வைத்துக்கொள்ள உனக்கு வக்கிருக்கிறதா என்று கேட்கிறது. இன்னோர் அலுவலகம், மனைவியா இருக்கிறாள், ஐயோ பாவம், இந்தா வைத்துக்கொள் என்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கம்.

கடைசியில் ஓர் எண் வந்து நின்றது. நான்தான் அது. இத்தனை வருடம் நான் ஒளித்து வைத்த, ஊதிக் காட்டிய, மென்று முழுங்கிய ஆள், சின்னதாகத் திரையில் உட்கார்ந்திருந்தான். கட்ட வேண்டிய வரி? ஒரு நல்ல கடையில் குடும்பத்தோடு இரண்டு தடவை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம், அவ்வளவுதான். இதற்கா வங்கிப் பக்கமே போகாமல் பிஸ்கட் டின்னைக் கட்டிக்கொண்டு அழுதேன்? வரிக்காரர்கள் என்னைத் தேடவில்லை. தேடிக் கண்டுபிடித்திருந்தால் அவர்களுக்குப் பெட்ரோல் காசுதான் நஷ்டம்.

மனைவி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாட்ட நீங்க சொன்னது?"

"அது ரூபாயில சொன்னது."

"ரூபாயில மாத்துனாலும் வரலையே."

"அப்ப இருந்த ரேட் வேற."

வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு அபராதமும் சேர்த்துக் கட்டிவிட்டு, தற்காலிக அனுமதி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி போனோம். அன்று மாலை வேலை இருந்ததால் லோரியிலேயே போனோம். கல்யாணச் சட்டை வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். வேலைக்குப் போகிற சட்டைதான். எண் வந்தது. அதே கவுண்டர். அதே அம்மாள். எங்களை மறந்திருப்பார் என்று நினைத்தால், பார்த்தவுடன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

இந்த முறை தாள்கள் கொஞ்சம்தான். தொழில் பதிவு, வரிச் சான்று, புதிதாக என் பெயரில் நானே போட ஆரம்பித்திருந்த வாடகைப் பணத்தின் ஒரு மாத வரவு. அவர் படித்தார். திரும்பப் படித்தார். எழுந்து தாள்களோடு உள்ளே போனார். உள்ளே யாரோ ஒருவர் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது, ஆடையில்லாமல் நிற்பது போல இருந்தது. மனைவி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதுவரை அந்த இடத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. நான் ஏதாவது விகடம் சொல்லியிருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"சுக்குப் மாக்கான்?" என்று கேட்டார். சாப்பாட்டுக்குக் குறைவில்லையா என்று அர்த்தம்.

மனைவியின் மலாய் பாசாரில் மீன்காரர்களிடம் கற்றது. பேரம் பேசத் தெரியும், மரியாதையாகப் பேசத் தெரியாது. அவள் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"சுக்குப், புவான். டியா யாங் தெர்லெபே மாக்கான்."

குறைவில்லை அம்மா, இந்த ஆள்தான் அளவுக்கு மேல் சாப்பிடுகிறார்.

அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார். என் வாழ்நாளில் அந்தத் தொப்பை சான்றாக ஏற்கப்பட்டது அன்று ஒரு நாள்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், பக்கத்துக் கவுண்டர்க்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார்: "சிறிய வருமானம்தான், என்சிக். ஆனால் இருக்கிறது. ஒரு வருடம் தருகிறோம்."

கட்டணம் கட்டினோம். கடப்பிதழில் ஒட்டி வந்தது. மனைவி அதை வாங்கி, தேதியைப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். லோரி வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி இருக்கையில் மடித்து வைத்துக்கொண்டாள். வீட்டில் உட்காருவது போல.

"அடுத்த வருஷமும் இந்த அம்மாகிட்டதான் வரணுமா?" என்றாள்.

"யாருகிட்ட வேணும்னாலும் வருவோம். உன் வாய் இருக்கே."

நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் திரும்பும்போது கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். பக்கத்து ஊர் மேருவிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர், குரலிலேயே நல்ல வசதி தெரிந்தது.

"அண்ணே, பெரிய கூட்டம்ணே. உங்ககிட்ட நாற்காலி எவ்வளவு இருக்கு?"

"ஐந்நூறு இருக்கு பாஸ், கவலையே படாதீங்க," என்றேன்.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"முந்நூறு," என்றேன். "கொஞ்சம் உடைஞ்சதும் இருக்கு."